ஓசூர் ரோஜாவும் 60 ரூபாய் ‘பூ மருந்தும்’

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். வீட்டு ஹாலுக்கு வைக்கச் சிவப்பு ரோஜா வாங்க முந்தின நாள் சாயங்காலம் கிளம்பினேன். கடை பெயர் வேண்டாம். ஆனால் அவர்கள் செய்த வேலையைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கட்டுக்கு 20 பூ, 450 ரூபாய். இரண்டு கட்டு எடுத்தேன். “காலையில ஓசூர்லேர்ந்து இறங்கின சரக்கு மேடம், ஒரு வாரம் அசையாது” என்றார் கடைக்காரர். கூடவே ‘பூ மருந்து’ என்று ஒரு வெள்ளைத் தூள் பாக்கெட், 60 ரூபாய். அதைப் போட்டால் தண்ணீர்கூட மாற்ற வேண்டாமாம். கட்டைச் சுற்றி அட்டை, மேலே ஈரம் சொட்டும் மொட்டுகள். பிரித்துப் பார்க்காமல் வாங்கியது என் தப்பு.

மறுநாள் காலை பத்து மணிக்குள் பாதிப் பூ கழுத்து மடிந்து தொங்கிவிட்டது. ஜாடித் தண்ணீர் கஞ்சி மாதிரி கலங்கி, ஒரு வாடை வேறு. ஒன்றை உருவிப் பார்த்தேன். பச்சைப் புல்லிகள் கீழே மடங்கியிருக்க, அவற்றை ஒட்டிச் சுற்றிலும் இதழ் கிள்ளிய தழும்பு. வாடிய வெளியிதழ்களை உரித்துவிட்டு, மிச்சத்தை மொட்டு என்று விற்றிருக்கிறார்கள்! கட்டின் நடுவில் செருகியிருந்த பூக்களில் சாம்பல் நிறப் பூஞ்சை. தண்டின் அடி கறுத்து வழவழவென்று இருந்தது.

அந்த மருந்தை நுனிவிரலில் தொட்டு நாக்கில் வைத்தேன் (நீங்கள் வைக்காதீர்கள், நான் கோபத்தில் இருந்தேன்). பொடித்த சர்க்கரை. அந்தக் காசுக்கு மளிகைக் கடையில் ஒரு கிலோவே வாங்கியிருக்கலாம்.

சர்க்கரை பூவுக்குச் சாப்பாடுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை மட்டும் போட்டால் தண்ணீரில் உள்ள பாக்டீரியாதான் முதலில் கொழுக்கும். தண்டின் நுண்குழாய்கள் அடைத்துக்கொள்ளும். தண்ணீரிலேயே நின்றும் பூ தாகத்தில் சாகும். அதனால்தான் நிஜமான பூ உணவில் சர்க்கரையோடு சிட்ரிக் அமிலமும் கிருமிநாசினியும் சேர்க்கிறார்கள்.

கடைக்குப் போய்க் கேட்டால், “உங்க வீட்டுத் தண்ணி உப்பு.” கேன் தண்ணீர்தான் ஊற்றினேன் என்றதும், “அப்ப ஃபேன் காத்து.” ஒரு ரூபாய் திரும்பவில்லை. “இந்தக் காசுக்கு மல்லி வாங்கியிருந்தா ஆளுக்கு ரெண்டு முழம் தலையில வச்சிருப்போம்” என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

தொங்கினவற்றின் தண்டைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து இரண்டு அங்குலம் வெட்டி, பூவோடு முழுசாக வாளியில் ஒரு மணி நேரம் படுக்கப்போட்டேன். பதினொன்று நிமிர்ந்தன, அவ்வளவுதான்.

அடுத்த மாதம் வேறு கடை. அட்டையைப் பிரிக்கச் சொன்னேன், முகம் சுளிக்காமல் பிரித்தார். மொட்டின் அடியை இரண்டு விரலால் அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும், மெத்தென்றால் பழசு. வெளியிதழ் கொஞ்சம் கன்றிப்போய் அசிங்கமாக இருந்தால் பரவாயில்லை, உரிக்கவில்லை என்று அர்த்தம். வாளித் தண்ணீரையும் முகர்ந்து பார்த்தேன், வாடையில்லை.

வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவிய ஜாடி. தண்ணீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டைச் சாய்வாக வெட்டி வைத்தேன். தினமும் புதுத் தண்ணீர், மருந்து ஒன்றும் கிடையாது. பூஜைக்கு வைத்த பழுத்த வாழைப்பழத் தட்டு மட்டும் ஜாடி பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டேன். அதிலிருந்து வரும் எத்திலீன் வாயு இதழைச் சீக்கிரம் உதிர்க்கும். எட்டாம் நாள்தான் முதல் இதழ் விழுந்தது.