வெள்ளவத்தை இசைத்தட்டுக் கடை: தட்டுகளைவிட இருந்து கேட்கும் வாங்கு நல்லது

கொழும்பின் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளுள் ஒன்றில், புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில், பெயர்ப்பலகை எதுவுமின்றி நடக்கும் பழைய இசைத்தட்டுக் கடைக்குக் கடந்த இரண்டு மாதங்களில் ஐந்து தடவைகள் போய்வந்தேன். மூன்று தட்டுகள் வாங்கினேன். அவற்றுள் ஒன்று முழு ஏமாற்றம். பெயரும் இலக்கமும் எழுத வேண்டாம் என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டதால் அடையாளத்தை இவ்வளவோடு நிறுத்துகிறேன். வெள்ளவத்தையில் பழைய பாட்டுக் கேட்பவர்கள் யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

என் கண்மதிப்பில் அறுநூறு தட்டுகள்வரை இருக்கும். வெளிநாடு போன பிள்ளைகள் தாய் தகப்பனையும் அழைத்துக்கொண்டபின், வீட்டைக் காலிசெய்த உறவினர்கள் நிறுத்து விற்றவையே பெரும்பகுதி என்று கடைக்காரர் சொன்னார். ஆகையால் தெரிவு அவருடையதன்று, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கொழும்பு வீடுகளின் வரவேற்பறைகளில் சுழன்றவை எவையோ அவையே இங்கு இருக்கின்றன. ‘றொக்’ என்று எழுதி ஒட்டிய அடுக்கில், கடும் றொக் குழுவான பிளக் சபத்துக்குப் பக்கத்திலேயே ஆட்டப் பொப் குழுக்களான அபாவும் பொனி எமும் நிற்பதைப் பார்த்து முதல்நாள் எனக்குச் சினம் வந்தது. இரண்டாம் நாள் அந்த அடுக்கையே ஒழுங்காகப் புரட்டி இரண்டு மணித்தியாலம் செலவழித்தேன். ஆனால் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் நம்முடைய பொப் பாடல்களில் ஒரு சிறிய தட்டுக்கூட இல்லாதது இக்கடையின் பெருங்குறை. கசெற்றுகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை; பூஞ்சணம் பிடித்த நாடாக்களை விற்பதைவிட எறிந்துவிடலாம்.

கடற்காற்றும் ஈரப்பதனும் இசைத்தட்டுக்குப் பகை. வெளியுறை மட்டையில் பழுப்புப் புள்ளிகள் விழும். தட்டின் வரிகளுக்குள் பூஞ்சணம் இறங்கினால் வறுத்த கச்சான் உடைப்பது போல ஒலி வரும். கடைக்காரர் ஒவ்வொரு தட்டையும் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு துளி மென்சவர்க்காரம் விட்டுக் கழுவி, நிழலில் உலர்த்தி, புது உள்ளுறையில் இட்டே வைக்கிறார். இந்த உழைப்புக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். விலை போடும் முறைக்கு அந்த மதிப்பைக் கொடுக்க முடியவில்லை. அவர் மட்டையைப் பார்த்து விலை போடுகிறார், வரிகளைப் பார்த்தன்று. நான் 4,500 ரூபாய்க்கு வாங்கிய, டீப் பேர்ப்பிள் என்ற றொக் குழுவின் ‘மெஷின் ஹெட்’ (1972) தட்டின் மட்டை நேற்று அச்சிட்டது போலிருந்தது. இரண்டாம் பக்கத்தின் முதற்பாட்டான ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ மட்டும் சாம்பல் நிறமாகத் தேய்ந்திருந்ததை வீட்டில் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கண்டேன். கிற்றார் தொட்டவர்கள் எல்லோரும் முதலில் வாசித்துப் பழகும் அந்தப் பாட்டை மட்டும் முன்னைய உரிமையாளர் பல நூறு தடவைகள் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். 1971 டிசம்பரில் சுவிற்சர்லாந்தின் மொன்றோ நகரில் சூதாட்ட மண்டபமொன்று தீப்பற்றியதைப் பற்றிய பாட்டு அது. என் தட்டில் தீ வெடிக்கும் ஓசையும் கூடவே கேட்கிறது. விற்ற தட்டைத் திருப்பி எடுப்பதில்லை என்பது கடை விதி.

அந்தத் தட்டை அங்கேயே போட்டுக் கேளாமல் வாங்கியது என் தவறு. ஏனெனில் இக்கடையின் உண்மையான சிறப்பு, எந்தத் தட்டையும் முதலிலிருந்து கடைசிவரை கேட்டுவிட்டு வாங்காமலே எழுந்து போகலாம் என்பதுதான். சன்னலோரத்தில் நாலு பேர் இருக்கக்கூடிய ஒரு நீள வாங்கு, எதிரே இரண்டு பெரிய ஒலிபெருக்கிகள், சுவரில் அறைந்த கருங்கற் பலகையின்மேல், பாதியாக வெட்டிய ரெனிஸ் பந்துகளில் நிற்கும் சுழல்மேசை. இந்த ஏற்பாடு அலங்காரத்துக்கானதன்று. ஒழுங்கையின் முடிவில் மரீன் டிரைவ், அதற்கப்பால் கரையோரத் தண்டவாளம். மாத்தறைப் பக்கம் புகையிரதம் போகும்போது மாடி முழுவதும் அதிரும், ஊசி வரி தாண்டிவிடும். “தம்பி, கோச்சி போகட்டும், பிறகு போடுறன்” என்று அவர் ஊசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதை முதன்முதலாகப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும்.

நான் தேடிப் போனது பிங்க் ஃபுளொய்ட் என்ற றொக் குழுவின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’. 1973 மார்ச்சில் வெளிவந்த அந்தத் தட்டை நான் அறிந்தது யாழ்ப்பாணத்தில், பாட்டுப் பதிந்து கொடுக்கும் றெக்கோடிங் கடையொன்றில் பதிந்த 90 நிமிடக் கசெற் வழியாக. முழுத்தட்டும் 43 நிமிடம். கசெற்றின் ஒரு பக்கம் 45 நிமிடம். ஆகவே பதிந்தவர் இரண்டு பக்கங்களையும் ஒன்றாய்ச் சேர்த்து ஒரே பக்கத்தில் ஏற்றி, மறுபக்கத்தை இளையராஜாவால் நிரப்பியிருந்தார். 1990இன் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவைச் சில்லோடு பொருத்தி, மச்சான் கையால் மிதியைச் சுற்ற நான் கேட்பேன்; பிறகு நான் சுற்ற அவன் கேட்பான். சுற்றுகிறவன் களைத்தால் பாட்டும் களைக்கும். உற்சாகம் வந்தால் பாடகர் சின்னப்பிள்ளைக் குரலில் பாடுவார். அந்தக் குழுவின் இசை இயல்பாகவே அப்படி ஊஞ்சலாடும் என்றுதான் பதினைந்து வயதில் நான் நம்பினேன்.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற மாறாத வேகத்தில் அதை அந்த வாங்கிலிருந்து கேட்டபோது, முதற்பக்கம் முடிந்து அறையில் அமைதி விழுந்தது. அங்கே ஓர் இடைவெளி உண்டு என்பதே எனக்கு அதுவரை தெரியாது. கடைக்காரர் எழுந்து தட்டைத் திருப்பிப் போட, காசுப் பதிவு இயந்திரத்தின் ஓசையோடு ‘மணி’ (காசு) என்ற பாட்டுத் தொடங்கியது. நாணயம் குலுங்குவதும் தாள் கிழிவதும் உட்பட ஏழு ஒலித்துண்டுகளை ஒலிநாடாவில் வெட்டி ஒட்டி வளையமாகச் சுற்றவிட்டுச் செய்த தொடக்கம் அது; பாட்டும் ஏழு எண்ணிக்கையில் செல்வது. என் பக்கத்தில் இருந்தவர் மிருதங்கம் படிப்பிக்கிறவர். மேலைத்தேய இசைமீது அவருக்குப் பற்று இல்லை, மகனுக்காக வந்திருந்தார். இரண்டாவது சுற்றிலேயே அவருடைய கை தொடையில் தகிட தகதிமி என்று ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாப்பைப் பிடித்துவிட்டது. சாக்ஸபோன் முழுவதும் தவறாமல் கூடவே போனார். கிற்றார் தனி வாசிப்பு தொடங்கியதும் கை தடுமாறி நின்றது. “இவங்கள் நாலுக்கு மாத்திப்போட்டாங்கள்!” என்று கடைக்காரரைப் பார்த்து முறைப்பாடு செய்தார். உண்மைதான், அவ்விடத்தில் தாளம் நான்குக்கு மாறிப் பின்னர் ஏழுக்குத் திரும்புகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த மாற்றத்தை மச்சானின் கைக்களைப்பு என்றே நான் எண்ணியிருந்தேன்.

அதற்கு முந்திய பாட்டில், சொல்லே இல்லாமல் ஒரு பெண் அரற்றிப் பாடும் பகுதியைக் கேட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், “இது எங்கட ஒப்பாரியெல்லோ” என்றார். சாவைப் பற்றிய பாட்டு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தக் குரலுக்குரிய கிளெயர் ரொறிக்கு அன்று கொடுக்கப்பட்டது 30 ஸ்ரேர்லிங் பவுண். 2004இல் வழக்குத் தொடுத்த பிறகே, இணை ஆக்குநர் என்ற உரிமை அவருக்குக் கிடைத்தது. இதை நான் சொன்னதும் ஆசிரியை, ஒப்பாரிக்குக் கூலி கேட்டு வழக்காடிய கதையை இப்போதுதான் கேட்கிறேன் என்றார்.

எல்லா நாளும் இப்படி அமையும் என்று எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஒருநாள் முழுவதும் லெட் செப்பலினா, டீப் பேர்ப்பிளா சிறந்த குழு என்று இருவர் சண்டையிட்டதில் ஒரு பாட்டுக்கூடக் கேட்க முடியவில்லை. இன்னொரு நாள் முன்னாள் வங்கி அதிகாரி ஒருவர், பீற்றில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ (1967) இங்கிலாந்துப் பதிப்பில் கடைசிப் பாட்டுக்குப் பின் உள்வரியில் ஒளிந்துள்ள குரற்சிதறல், ஊசியைத் தூக்கும்வரை சுற்றிச் சுற்றி வருவதைக் காட்டுவதற்காக அதைப் பத்து நிமிடம் ஓடவிட்டார். முதல் நிமிடம் வியப்பு, மற்ற ஒன்பதும் தண்டனை. மெற்றாலிக்கா கேட்கும் ஒரு பல்கலைக்கழக மாணவி காதில் தன்னுடைய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொறுமையாக இருந்தார். அவருடைய தலைமுறைக்கு இக்கடையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 1990க்குப் பின்னான இசையில் நான் எண்ணியது பதினொரு தட்டுகள்தான்.

பிற்பகல் மூன்று மணிக்குத் திறந்து எட்டு மணிக்குப் பூட்டுகிறார்கள். காசு மட்டும் வாங்குவார்கள், அட்டை இல்லை. வாகனம் நிறுத்த இடமில்லை. 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கி நடப்பதே சுகம். பிளேன்ரீ இலவசம், சீனி அதிகம். கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களைக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் அனுப்புகிறார், ஆனால் ஊசிக்கும் ஆயுள் உண்டென்பதால் வாங்கின்மீதுள்ள தகரப்பேணியில் ஏதாவது போடுவது முறை.

நான் தேடிப்போன தட்டுக்கு அவர் 9,500 ரூபாய் சொல்கிறார். இரண்டாம் பக்கத்தின் நடுவே ஒரு கீறல் இருக்கிறது, 7,000க்கு மேல் பெறுமதியில்லை என்பது என் கணிப்பு. மாத முடிவுவரை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கனடாவிலிருந்து மச்சான் அடுத்த கிழமை வருகிறான். வாங்கில் இருவருக்கு இடம் பிடிக்கச் சனிக்கிழமை மூன்று மணிக்கே போக வேண்டும்.