புட்டி: சாவி போட்டு நுழைவதில் எங்கே இடறுகிறது?

விண்டோஸிலிருந்து லினக்ஸ் சர்வருக்குள் போக புட்டி அருமையான மென்பொருள். இலவசம், அளவில் சிறியது, பழைய கணினியிலும் சிரமமின்றி ஓடும். கடவுச்சொல்லை விட்டுச் சாவிக்கு (சர்வரில் வைக்கும் பொதுச்சாவி, நம்மிடமே இருக்கும் தனிச்சாவி என்ற இணைக்கு) மாறும்போதுதான் தலைவலி தொடங்குகிறது. அதில் பாதிக்குக் காரணம், சாவி உருவாக்கும் துணை மென்பொருளான புட்டிஜென்னில் உள்ள ஒரே பொத்தான்.

"சேவ் பப்ளிக் கீ" என்னும் அந்தப் பொத்தான் பொதுச்சாவியைப் பல வரிகளாகச் சேமிக்கிறது. லினக்ஸ் பக்கம் இணைப்பை ஏற்கும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச் சர்வரின், அனுமதித்த சாவிகளைப் பட்டியலிடும் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்போ ஒரு சாவியை ஒரே வரியில்தான் எதிர்பார்க்கும். அப்படியே ஒட்டினால் "சர்வர் ரெஃப்யூஸ்ட் அவர் கீ" என்று வந்து நிற்கும். புட்டிஜென் சன்னலின் மேல்பெட்டியில் இருக்கும் எழுத்தைத்தான் எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எடுத்தால் போதாது, பெட்டியின் கடைசி எழுத்துவரை தேர்ந்தெடுங்கள்.

சாவி சரியாக ஒட்டியிருந்தும் அதே செய்தி வந்தால், முதலில் பயனர் பெயரைப் பாருங்கள். அமேசான் கிளவுடில் உபுண்டு சர்வருக்கு "உபுண்டு", அமேசான் லினக்ஸுக்கு "ஈசி2-யூசர்". அடுத்தது அனுமதிகள்: சர்வரில் அந்தக் கோப்பு இருக்கும் எஸ்எஸ்ஹெச் அடைவுக்கு 700, ஆத்தரைஸ்டு கீஸ் கோப்புக்கு 600 (உரிமையாளர் மட்டுமே அணுகலாம் என்று பொருள்). இரண்டும் அந்தப் பயனருக்கே சொந்தமாக இருக்க வேண்டும். சூடோ (நிர்வாகி உரிமையில் இயக்கும் கட்டளை) போட்டு உருவாக்கினால் உரிமை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்குப் போய்விடும். ஹோம் அடைவில் குழுவினருக்கு எழுதும் அனுமதி இருந்தாலும் சர்வர் மறுக்கும். இந்தக் காரணம் எதையும் புட்டி சொல்லாது, சொல்லவும் முடியாது. சர்வரின் லாகில் "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ்" என்று தேடுங்கள்.

"நோ சப்போர்ட்டட் ஆதென்டிகேஷன் மெத்தட்ஸ்" என்று வந்தால், பெரும்பாலும் புட்டி சாவியையே நீட்டவில்லை. புட்டியின் 0.78 பதிப்பு முதல் சாவியைக் குறிப்பிடும் இடம், அமைப்புகளில் ஆத் பிரிவுக்குள் கிரெடென்ஷியல்ஸ் என்ற தனிப் பக்கம். அங்கே கொடுத்துவிட்டு, செஷன் பக்கத்துக்குத் திரும்பிச் சேமிக்க மறக்காதீர்கள். தலைப்புப் பட்டையில் வலது சொடுக்கினால் கிடைக்கும் ஈவென்ட் லாக், எந்தச் சாவி நீட்டப்பட்டது என்று காட்டிவிடும். புட்டியின் மிக நல்ல வசதி இதுதான், பலர் திறந்தே பார்ப்பதில்லை.

சாவிகளை நினைவில் வைத்துப் புட்டிக்குக் கொடுக்கும் துணை மென்பொருளான பேஜென்ட்டில் நிறையச் சாவிகள் ஏற்றியிருந்தால், சரியான சாவியின் முறை வருவதற்குள் சர்வர் இணைப்பைத் துண்டிக்கலாம். இயல்பான வரம்பு 6 முயற்சிகள். கிரெடென்ஷியல்ஸில் ஒரு சாவியைக் குறித்துவிட்டால் பேஜென்ட்டிடமிருந்து அதை மட்டுமே கேட்கும்.

பதிப்பில் மட்டும் சமரசம் வேண்டாம். 0.75 முதல் உருவாகும் பிபிகே 3 வகைக் கோப்பை (புட்டியின் தனிச்சாவிக் கோப்பு வடிவம்) பழைய புட்டி படிக்காது. 0.68 முதல் 0.80 வரை பி-521 என்னும் வகைச் சாவியைக் கையாள்வதில் பெரிய ஓட்டை இருந்தது: அந்தச் சாவி இட்ட சுமார் 60 மின் கையொப்பங்கள் ஒருவருக்குக் கிடைத்தால் தனிச்சாவியையே கண்டுபிடித்துவிடலாம். 2024 ஏப்ரலில் வந்த 0.81 அதை அடைத்தது. ஆனால் அந்தப் பதிப்புகளில் பயன்படுத்திய பி-521 சாவியை மேம்படுத்தல் காப்பாற்றாது. எல்லா சர்வரிலிருந்தும் அதை நீக்கிவிட்டுப் புதிதாக எட்25519 வகைச் சாவி உருவாக்குங்கள்.