புதுக்கடைப் பாயாவும் என் முழங்காலும்

பகலில் கறுப்புக் கோட்டுச் சட்டத்தரணிகளும் வழக்குக்கு வந்தவர்களுமாக நிறைந்திருக்கும் கொழும்புப் புதுக்கடை, பொழுதுபட்டதும் கொத்து ரொட்டிச் சத்தத்துக்கு மாறிவிடும். நீதிமன்றங்களிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், ஒரு சின்னக் கடையில் ஆட்டுக்கால் பாயா விற்கிறார்கள். பலகையில் கடையின் பெயரை விடப் பெரிதாக எழுதியிருப்பது "மூட்டுவலி, முழங்கால் வலிக்குச் சிறந்தது" என்ற வரிதான். அந்த வரிக்காகவே என் தம்பி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனான். நான் வெள்ளவத்தையில் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பவள். வருஷக்கணக்காக முழங்காலை மடித்து அரைமண்டியில் இருந்து தட்டியதில், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் அடிக்கடி நோகும்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். அருமை. காலை நெருப்பில் வாட்டி, மயிரைச் சுரண்டி, நன்றாகக் கழுவிய பிறகே சட்டியில் போடுகிறார்கள். கவனமில்லாமல் செய்யும் இடங்களில் மூக்கில் ஏறும் அந்த மொச்சை இங்கே துளியும் இல்லை. மிளகும் கறுவாவும் ரம்பையும் முன்னுக்கு நிற்கின்றன, தேங்காய்ப்பால் அளவாகத்தான். இடியப்பத்தைப் பிய்த்துப் போட்டு, மேலே பாயாவை ஊற்றி, கொஞ்சம் ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும். பராட்டாவும் தருவார்கள், ஆனால் அந்தக் கொழுப்போடு இந்த எண்ணெயும் சேர்ந்தால் பாதியிலேயே திகட்டிவிடும். மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு பல்லுக்கு வேலை வைக்காமல் கழன்று வருகிறது. எலும்பை உறிஞ்சிவிட்டு வாயை மூடினால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பாயா சரியாக வெந்ததற்கு எனக்கு அதுதான் அடையாளம்.

எவ்வளவு நேரம் அவிய விடுவீர்கள் என்று கடைக்கார நானாவைக் கேட்டேன். "அஸருக்கு முந்தி அடுப்புல வெச்சா இஷாவுக்குப் பொறகுதான் டீச்சர் சரியா வரும்" என்றார். பின்னேரத் தொழுகைக்கு முந்தி வைத்தால் இராத் தொழுகைக்குப் பிறகு, அதாவது நாலு மணித்தியாலத்துக்கு மேல். அந்த நேரம் வீணில்லை. தசைநாண், சவ்வு, குருத்தெலும்பு, தோல் என்று உடம்பைக் கட்டி வைத்திருக்கும் தொடுப்பிழையத்தின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். மூன்று புரி சேர்த்து முறுக்கிய கயிறு மாதிரி அது. தண்ணீரில் நெடுநேரம் வெந்தால் முறுக்கு அவிழ்ந்து ஜெலற்றின் ஆகிவிடும். ஒரு பார்சல் வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் பார்த்தால் பாத்திரத்தைச் சரித்தாலும் அசையாத அளவுக்கு உறைந்திருந்தது. ஆகவே கடைக்காரர் சரக்கில் ஏமாற்றவில்லை.

பலகையில் உள்ள வரிதான் கொஞ்சம் அதிகம். ஆட்டு முழங்காலைத் தின்றால் அது நேரே என் முழங்காலுக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. வயிறும் குடலும் அதை அமினோ அமிலங்களாகவும் சிறு துண்டுகளாகவும் உடைத்துவிடும். அதன் பிறகு எங்கே தேவையோ அங்கே உடம்பு எடுத்துக்கொள்ளும். ஜெலற்றினில் கிளைசின் தாராளமாக உண்டு, அது கொலாஜனுக்கு வேண்டிய அமினோ அமிலம். ஆனால் ட்ரிப்டோஃபான் இல்லாதபடியால் தனியே அது முழுமையான புரதம் ஆகாது. முட்டையோ மீனோ பருப்போ சேர்ந்துதான் கணக்கு நிரம்பும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்த ஆடு யாருடைய காலையும் தின்று கால் வளர்க்கவில்லை, குழை தின்றுதான் வளர்த்தது. நமக்கும் ஆட்டுக்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. தனக்கு வேண்டிய விற்றமின் சி முழுவதையும் ஆட்டின் ஈரலே செய்துகொள்ளும், மனித உடம்பால் அது முடியாது. கொலாஜன் புரிகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள விற்றமின் சி கட்டாயம் வேண்டும். அந்தக் காலத்தில் மாதக்கணக்காகப் பழமும் மரக்கறியும் காணாமல் கடலில் போன மாலுமிகளுக்குப் பல்முரசு வீங்கி இரத்தம் கசிந்ததும், ஆறிப்போன பழைய காயங்கள் திரும்ப வாய் திறந்ததும் இது இல்லாமல்தான். நாலு மணித்தியாலம் கொதித்த பாயாவில் அது இருக்க வாய்ப்பே இல்லை. பக்கத்தில் வைக்கும் பாதித் தேசிக்காய் ருசிக்கு நல்லது, ஆனால் அதன் சாற்றில் ஐந்து மில்லிகிராம் கிடைத்தால் பெரிய காரியம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 75 முதல் 90 மில்லிகிராம் வரை தேவை என்று சொல்வார்கள். நூறு கிராம் கொய்யாப்பழத்தில் 200க்கு மேல் இருக்கிறது! வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் ஒரு கொய்யா வாங்கி, உப்புத் தூள் தடவிக் கடித்தாலே அன்றைய பாடு முடிந்தது.

தம்பி விடவில்லை, ஒரு ஆய்வைக் காட்டினான். 2017இல் வந்தது. எட்டு இளைஞர்கள் விற்றமின் சி சேர்த்த 15 கிராம் ஜெலற்றினைக் குடித்து, ஒரு மணித்தியாலம் கழித்து ஆறு நிமிஷம் கயிறு அடித்துக் குதித்திருக்கிறார்கள். கொலாஜன் உருவாவதைக் காட்டும் அளவு அவர்கள் இரத்தத்தில் கூடியிருக்கிறது. சரி, நல்ல செய்திதான். ஆனால் எட்டே எட்டுப் பேர், வலி குறைந்ததா என்பது அதில் பார்த்த விஷயமும் இல்லை. தவிர அவர்கள் குடித்த பிறகு குதித்தார்கள். இந்தக் கடையில் பாயா தயாராவதே என் வகுப்பு முடிந்த பிறகு. சாப்பிட்டுவிட்டு நான் குதிக்கப் போவதில்லை, படுக்கத்தான் போகிறேன். என் முழங்காலுக்குக் குணம் தந்தது பிசியோ சொல்லித் தந்த, கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் கூட்டும் பயிற்சி என்றே நினைக்கிறேன்.

என் மாணவிகளின் அம்மாமார் பலர் மச்ச மாமிசம் தொடாதவர்கள். அவர்களில் சிலர் பார்மசியில் கொலாஜன் மா டின்னைப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று கேட்கிறார்கள். கொலாஜன் மாட்டுத் தோலிலோ மீன் தோலிலோ இருந்து எடுப்பது என்று சொன்னதும் ஒருவருடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். மச்சம் சாப்பிடாதவர்களுக்கும் தசைநாண் இருக்கிறது, அதை அவர்கள் உடம்பே கட்டுகிறது. பருப்பு, பயறு, தயிர், கொய்யா அல்லது நெல்லி, அப்புறம் எள்ளுருண்டை. எள்ளிலும் கஜுவிலும் செம்பு உண்டு. கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதிக்குச் செம்பு வேண்டும். ஒரு டின் மாவின் விலைக்கு எவ்வளவு எள்ளுருண்டை வரும் என்பதை அவர்களே கணக்குப் பார்க்கட்டும்.

கடைக்குத் திரும்ப வருகிறேன். குறை என்றால் முதலாவது உப்பு. பிரஷர் உள்ளவர்கள் குழம்பை வழித்துக் குடிக்க வேண்டாம். யூரிக் அமிலம் கூடி, பெருவிரல் மூட்டு வீங்குகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கம் வரவே கூடாது. "மூட்டுவலிக்கு" என்ற பலகையைப் பார்த்து வரப்போவதும் அவர்கள்தான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கும், சுடுதண்ணீர் இருக்காது. பாயாப் பசை பச்சைத் தண்ணீரில் லேசில் போகாது. மேசைகளும் அப்படித்தான்.

ருசிக்கு ஐந்தில் நாலரை, பலகைக்கு ஒன்று. இஷா முடிந்த கையோடு போனால் இறைச்சி கூடிய துண்டுகள் கிடைக்கும், பிந்தினால் எலும்பும் குழம்பும்தான். வாகனம் நிறுத்த இடம் கிடையாது, ஓட்டோவில் போங்கள்.