1.1 கிலோ கார்பன் ட்ரைபாட்: நான் ஏமாந்த விதம்

பயணத்துக்கு எடை குறைந்த ட்ரைபாட் (கேமராவை நிறுத்தும் மூன்று கால் தாங்கி) தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இணையத்தில் நான் வாங்கிய ட்ரைபாட்டின் விவரத்தில் நான்கு எண்கள் இருந்தன: எடை 1.1 கிலோ, அதிகபட்ச உயரம் 155 செ.மீ., மடித்த நீளம் 38 செ.மீ., தாங்கும் சுமை 15 கிலோ. தலைப்பில் 'கார்பன்' என்ற சொல்லும் இருந்தது; கால்கள் எடை குறைந்த கார்பன் ஃபைபரால் செய்தவை என்று நினைத்துக்கொண்டேன். இந்த எண்கள் ஒரே ட்ரைபாட்டை ஒரே நிலையில் வைத்து அளந்தவை அல்ல என்பதும், 'கார்பன்' என்பது அந்த விற்பனையாளரைப் பொறுத்தவரை வெறும் நிறத்தின் பெயர் என்பதும், பயணம் போய்த் திரும்பிய பிறகுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

என் தவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே வாங்கிவிட்டேன். பெட்டி வந்த அன்று பிரித்து, கையில் எடுத்து, 'பரவாயில்லை, கனமாக இல்லை' என்று திருப்திப்பட்டு, அப்படியே உறைக்குள் போட்டு வைத்துவிட்டேன். கேமராவை ஒருமுறைகூட அதன்மேல் மாட்டிப் பார்க்கவில்லை. திருப்பி அனுப்புவதற்கான கெடு அலமாரியிலேயே கழிந்துபோனது.

விடிவதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன் ஓர் ஏரிக்கரையில் அதை முதன்முதலாக முழுவதும் விரித்தேன். கேமராவும், தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் நீளமான டெலி லென்ஸும் சேர்ந்து ஒன்றரைக் கிலோ இருக்கும். 15 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்த பொருளுக்கு அது ஒரு சுமையே இல்லை என்று நினைத்தேன். எதிர்க்கரை விளக்குகளை ஃப்ரேமில் சரியாக வைத்து, கேமராவை எந்தப் பக்கமும் சாய்க்க உதவும் மேல்பகுதியான பால் ஹெட்டின் திருகை இறுக்கிக் கையை எடுத்தேன். எடுத்த மாத்திரத்தில் லென்ஸின் முனை மெல்லத் தாழ, விளக்குகள் திரையில் ஒரு விரற்கடை மேலே ஏறின. மறுபடி சரிசெய்து இன்னும் பலமாக இறுக்கினேன்; மறுபடியும் தாழ்ந்தது. கடைசியில், எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட்டு, வேண்டியதைவிடச் சற்று மேலே பார்க்கும்படி வைத்து, அது தானாக இறங்கி நிற்கும் இடத்தில் படம் எடுக்கப் பழகிக்கொண்டேன். இப்படியொரு வித்தையைப் பழக வேண்டியிருந்ததே பெரிய எச்சரிக்கை மணி என்பது அந்த இருட்டில் எனக்கு உறைக்கவில்லை.

எட்டு வினாடி எக்ஸ்போஷரில் (ஷட்டர் அத்தனை நேரம் திறந்திருக்கும்படி) எடுத்த படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது, ஒவ்வொரு விளக்கும் புள்ளியாக இல்லாமல், தலை தடித்து வால் நீண்ட காற்புள்ளியாக இருந்தது. லென்ஸில் கை நடுக்கத்தை ஈடுகட்டும் ஸ்டெபிலைசேஷனை அணைத்திருந்தேன். ஷட்டரைக் கையால் அழுத்தாமல் இரண்டு வினாடி டைமர் வைத்திருந்தேன். காற்றும் பெரிதாக இல்லை. டைமரைப் பத்து வினாடிக்கு மாற்றியதும் வால் கொஞ்சம் குறைந்தது, அதாவது பொத்தானைத் தொட்ட அதிர்வு இரண்டு வினாடியில் அடங்கவே இல்லை. கால்களுக்கு நடுவே ஏற்றி இறக்கும் நடுத்தண்டை முழுவதும் கீழே இறக்கியதும் இன்னும் குறைந்தது. ஆனால் அப்போது கேமரா என் வயிற்றுக்குச் சற்று மேலே இருந்தது; 155 செ.மீ. என்ற உயரம் எங்கே போயிற்று என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. கிழக்கு வெளுத்து, எடுக்க நினைத்த நீல வெளிச்சம் போய்விட்டது.

கிளம்பும்போது இன்னொன்றைக் கவனித்தேன். கரையோரக் கல்லில் உரசிய கால் ஒன்றில் கருப்புப் பூச்சு நகக்கீறல் அளவுக்கு உரிந்து, அடியில் வெள்ளிபோலப் பளபளத்தது. கார்பன் ஃபைபர் குழாயை எவ்வளவு சுரண்டினாலும் உள்ளேயும் கருப்பாகத்தான் இருக்கும். வீட்டுக்கு வந்து அந்தக் கீறலின் ஓரத்தை நகத்தால் நெம்பியபோது, பாய் பின்னியதுபோல் வடிவம் அச்சிட்ட மெல்லிய படலம், நோட்டுப் புத்தகத்தில் ஒட்டிய லேபிளைப்போல நீளவாக்கில் உரிந்து வந்தது. உள்ளே இருந்தது சாதாரண அலுமினியக் குழாய்.

அலுமினியம் மட்டமான பொருள் என்று சொல்ல வரவில்லை. கையில் காசு குறைவாக இருந்தால் நல்ல அலுமினிய ட்ரைபாட்டே புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், கார்பன் ஃபைபர் கூட்டுப்பொருளின் அடர்த்தி ஏறத்தாழ 1.6 கிராம். அதிர்வை விரைவில் அடக்கும் குணமும் கார்பனுக்குத்தான் அதிகம். இந்த இரண்டுக்காகத்தான் கூடுதல் பணம் கொடுக்கிறோம். எனக்கு இரண்டுமே கிடைக்கவில்லை, கூடுதல் பணம் மட்டும் போனது.

அன்று மாலையே சமையலறைத் தராசையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பால் ஹெட், கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் பொருத்தும் பிளேட், நடுத்தண்டு எல்லாம் சேர்ந்த முழு ட்ரைபாட் 1.6 கிலோ. பால் ஹெட்டைக் கழற்றினேன்; இன்னும் 1.1 கிலோவுக்கு வரவில்லை. நடுத்தண்டையும் உருவி எடுத்த பிறகுதான் தராசு 1.12 என்று காட்டியது. அதாவது, கேமராவை எந்த வகையிலும் மாட்ட முடியாத மூன்று கால்களின் எடையைத்தான் ட்ரைபாட்டின் எடை என்று போட்டிருக்கிறார்கள். உயரமோ நடுத்தண்டை உச்சிவரை ஏற்றி, மேலே பால் ஹெட்டையும் சேர்த்து அளந்தது; தண்டை ஏற்றாமல் 123 செ.மீ. மடித்த நீளம் பால் ஹெட் இல்லாமல் 38, அதோடு 46. எடைக்கு ஹெட் இல்லை, உயரத்துக்கு ஹெட் உண்டு, நீளத்துக்கு மறுபடியும் இல்லை. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஏதோ ஒரு சமாதானம் சொல்லிவிட முடியும் என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம்.

நான்காவது எண்ணான சுமைக்கு அந்தச் சமாதானமும் இல்லை. ட்ரைபாட் எத்தனை கிலோ தாங்கும் என்பதை எல்லோரும் ஒரேமாதிரி சோதித்துச் சொல்வதற்குப் பொதுவான தரநிலை எதுவும் நடைமுறையில் இல்லை. கேமராவின் அடியில் ஏறும் 1/4 அங்குலத் திருகுக்கும், கால்களையும் ஹெட்டையும் இணைக்கும் 3/8 அங்குலத் திருகுக்கும் ஐ.எஸ்.ஓ. 1222 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. ஆனால் சுமை எண்ணைத் தயாரிப்பாளர் தானே தீர்மானித்து அச்சிடுகிறார். எத்தனை கிலோ வைத்தால் உடையாது என்பதும், எத்தனை கிலோ வைத்தால் அசையாது என்பதும் வேறு வேறு கேள்விகள். என்னுடைய ட்ரைபாட்டின்மேல் நேர் செங்குத்தாக 15 கிலோ அரிசி மூட்டையை வைத்தால் கால்கள் ஒருவேளை தாங்கக்கூடும். ஆனால் முன்பாரமாகத் துருத்தி நிற்கும் டெலி லென்ஸை அதன் சின்னஞ்சிறு பால் ஹெட்டால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. நான் அதன்மேல் வைக்கப்போனது டெலி லென்ஸை, அரிசி மூட்டையை அல்ல.

விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். முதல் பதிலில், ஸ்டெபிலைசேஷனை அணைத்தீர்களா, டைமர் வைத்தீர்களா என்று எனக்கே பாடம் எடுத்தார்கள். உரிந்த படலத்தின் படத்தை அனுப்பியதும், விவரத்தின் அடியில் 'கார்பன் ஃபினிஷ்' (கார்பன் போன்ற மேல்தோற்றம்) என்றுதான் குறிப்பிட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. போய்ப் பார்த்தேன், பதினைந்தாவது வரியில், பொடி எழுத்தில், உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. திருப்பி எடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்பதையும், பொருள் 'பயன்படுத்தப்பட்டிருக்கிறது' என்பதையும் அடுத்த பதிலில் சேர்த்துக்கொண்டார்கள். நான் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து விமர்சனம் எழுதிய மறுநாள் தொனி மாறியது: விமர்சனத்தை நீக்கினால் விலையில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்களாம். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பொருளுக்கு நான்கரை நட்சத்திரம் எப்படி வந்தது என்பதற்கு எனக்கு அங்கேயே விடை கிடைத்துவிட்டது. பழைய விமர்சனங்களைக் கீழே போய்ப் படித்தபோது, அவற்றில் பல மொபைல் ஸ்டாண்டைப் பற்றியவையாக இருந்தன. வேறொரு பொருளுக்கு வந்த பாராட்டுகள் ட்ரைபாட்டின் கணக்கில் ஏறியிருந்தன. வாங்குவதற்கு முன் நட்சத்திரங்களை எண்ணினேனே தவிர, எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

இனி வாங்கப்போகிறவர்களுக்காக, நான் பணம் கொடுத்துக் கற்றதைச் சொல்கிறேன். விவரத்தில் நடுத்தண்டை ஏற்றாத உயரம் தனியாகப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போடாதவரிடம் எழுத்தில் கேளுங்கள். நடுத்தண்டை ஏற்றினால், மூன்று கால்களின்மேல் ஓர் ஒற்றைக் கம்பத்தை நட்டு அதன் உச்சியில் கேமராவை வைப்பதாக ஆகிவிடுகிறது; அந்த உயரத்தை அவசரத்துக்கு மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். எடையும் மடித்த நீளமும் ஹெட்டோடு சேர்த்தா என்பதையும் அப்படியே கேளுங்கள்.

காலில் எத்தனை பகுதிகள் என்பது அதைவிட முக்கியம் என்பேன். ஐந்து பகுதிகள் உள்ள கால் குட்டையாக மடங்கும், பைக்குள் அழகாக அடங்கும்; ஆனால் ஒவ்வொரு பகுதியும் மேலே உள்ளதன் உள்ளே நுழைய வேண்டியிருப்பதால், கடைசிப் பகுதி ஏறக்குறைய பேனா பருமனுக்கு வந்துவிடுகிறது. ஒரே பொருளால், ஒரே சுவர்த் தடிமனில் செய்த மெல்லிய குழாய் வளையாமல் நிற்கும் திறன் அதன் விட்டத்தின் மும்மடிக்கு, அதாவது விட்டம் × விட்டம் × விட்டம் என்பதற்கு, ஏற்ப மாறும். கடைசிப் பகுதி 16 மி.மீ. இருக்கும் கால், 12 மி.மீ. இருக்கும் காலைவிட அந்த இடத்தில் இரண்டே கால் மடங்குக்கும் மேல் விறைப்பாக இருக்கும். வெறும் நான்கு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும் வித்தியாசம் படத்தில் காற்புள்ளியாகத் தெரிவது இதனால்தான். எனவே கடைசிப் பகுதியின் விட்டம் என்ன என்று கேட்பது, எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பதைவிட நூறு மடங்கு பயனுள்ளது. எனக்கு இப்போது நான்கு பகுதிக் கால்தான் சரியென்று படுகிறது. பைக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கார்பன் என்று சொன்னால், காலைக் கழற்றிக் குழாயின் வெட்டு முனையைப் பாருங்கள். பூச்சோ படலமோ அங்கே ஏமாற்ற முடியாது. குளிர்ந்த அறையில் சிறிது நேரம் வைத்துத் தொட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும்: அலுமினியம் கையில் சில்லென்று படும், கார்பன் அவ்வளவு படாது. விரல் கணுவால் தட்டினால் ஒன்று கணகணக்கும், மற்றொன்று மந்தமாக ஒலிக்கும்; பழகாத காதுக்கு இந்தக் கடைசிச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம்.

பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டிய சோதனை அரை மணி நேரம்கூட எடுக்காது. கால்களை முழுவதும் நீட்டி, தண்டை ஏற்றாமல், உங்களிடம் இருப்பதிலேயே நீளமான லென்ஸை மாட்டுங்கள். ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட்டு, தொலைவில் உள்ள கூர்மையான ஒரு விளிம்பை லைவ் வியூவில் (கேமராத் திரையில் தெரியும் நேரடிக் காட்சியில்) பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். பால் ஹெட்டை இறுக்கிக் கையை எடுக்கும்போது அந்த விளிம்பு எவ்வளவு நகர்கிறது என்று முதலில் கவனியுங்கள். மிகச் சிறிய நகர்வு பெரும்பாலான ஹெட்களில் இருக்கும், ஆனால் நகர்ந்துகொண்டே இருந்தால் அந்த ஹெட் உங்கள் லென்ஸுக்கு உதவாது. பிறகு ஒரு காலை விரலால் சுண்டிவிட்டு, ஆட்டம் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று எண்ணுங்கள். இரண்டு வினாடி டைமரில் படம் எடுக்கிறவர் என்றால் அதற்குள் அடங்கியாக வேண்டும். கேமராவை எடுத்துவிட்டு, ஒவ்வொரு காலின் மேலும் உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சரியாக முறுக்கிய பூட்டு வழுக்கக் கூடாது. ஹெட்டைப் பிடித்து இருபுறமும் மெல்லத் திருகினால், எங்கே தளர்ச்சி இருக்கிறது என்பது கைக்கே தெரியும். என்னுடையதில் நடுத்தண்டின் கழுத்தில் இருந்தது.

பிளேட்டையும் விட்டுவிடாதீர்கள். பல தயாரிப்பாளர்கள் பின்பற்றும் ஆர்க்கா ஸ்விஸ் வகைப் பிளேட்டுகள் சுமார் 38 மி.மீ. அகலம் இருக்கும் என்றாலும், ஒருவர் செய்தது இன்னொருவரின் பிடியில் அப்படியே பொருந்தும் என்று உறுதியில்லை. என்னிடம் முன்பே இருந்த பிளேட் இந்த ஹெட்டில் இறுகியதுபோல் தோன்றி, சாய்த்தவுடன் ஒருபக்கமாக வழுக்கியது. கழுத்து வாரைக் கழற்றாமல் இருந்ததால் கேமரா தப்பியது.

ஹெட்டும் சேர்ந்து ஒரு கிலோவுக்குக் கீழே, கண் உயரம், கனத்த டெலி லென்ஸ் ஆகிய மூன்றையும் ஒரே ட்ரைபாட்டில் தருவதாக யார் சொன்னாலும், எந்த ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். சிறிய லென்ஸோடு அகலக் காட்சிகள் மட்டும் எடுப்பவருக்கு ஒரு கிலோ ட்ரைபாட் நன்றாகவே போதும். அவர் இதையெல்லாம் படித்துப் பயப்படத் தேவையில்லை.

நேற்று அதே பொருளைத் தேடிப் பார்த்தேன். பழைய பெயரில் இப்போது இல்லை. ஆனால் பாறைமேல் நிற்கும் அதே ட்ரைபாட், அதே கோணத்தில் எடுத்த அதே படம், வேறொரு பெயரில் விற்பனைக்கு இருக்கிறது. எடை அதே 1.1 கிலோ, தாங்கும் சுமை மட்டும் இப்போது 18 கிலோ.