பெல்ட்டா, ஷாஃப்ட்டா? ஐம்பது வயதான மூன்று தோட்ட டிராக்டர்கள்

ஒஹாயோவில் எங்கள் வீட்டிலிருந்து இருபது நிமிடத் தொலைவில் நண்பர் ஒருவர் இரண்டரை ஏக்கரோடு வீடு வாங்கியிருக்கிறார். புல் வெட்ட வேண்டும், குளிர்காலத்தில் பனி தள்ள வேண்டும், மே மாதம் கத்தரியும் வெண்டையும் போட ஒரு துண்டு நிலத்தை உழ வேண்டும். "பழைய டிராக்டரா வாங்கிடலாம்னு பாக்கறேன், எதை வாங்கட்டும்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பேனரும் கையுமாக உட்கார ஒரு சாக்கு வேண்டும் என்பதுதான் முதல் காரணம், அது அவர் முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

என் ஷெட்டில் நிற்பது 1975-ஆம் வருட வீல் ஹார்ஸ் சி-120. இன்னொரு நண்பரின் 1968 கப் கேடட் 124-ஐ அவரோடு சேர்ந்து பிரித்துப் பூட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவரின் 1966 ஜான் டீர் 110-ஐ ஒரு கோடை முழுக்க ஓட்டியிருக்கிறேன். நான் காசு கொடுத்து வாங்கியது அந்தச் சிவப்பு வீல் ஹார்ஸ். அந்தச் சாய்வு இதில் இருக்கும், தள்ளுபடி செய்து படித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்று பெரிய கடைகளின் வாசலில் வரிசையாக நிற்கும் புல்வெட்டி வண்டிகளும் இவையும் ஒன்றல்ல. அவை தகரம். இவற்றுக்குப் பின்னால் கலப்பை கட்டலாம், முன்னால் பனி தள்ளும் பிளேடு மாட்டலாம். கியர் பெட்டியும் என்ஜின் பிளாக்கும் வார்ப்பிரும்பு. அதனால்தான் ஐம்பது அறுபது வருடம் கழித்தும் துருவைச் சுரண்டி ஓட்ட முடிகிறது.

பலர் நிறத்தை வைத்தே சண்டை போடுகிறார்கள்: சிவப்பா, மஞ்சளா, பச்சையா என்று. ஆனால் மூன்றின் பானெட்டையும் திறந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் விஸ்கான்சினின் கோலர் கம்பெனி செய்த கே வரிசை ஒற்றை சிலிண்டர் என்ஜின்தான். என் சி-120-இல் இருப்பது 12 ஹெச்.பி. கே301. நண்பரின் கப் கேடட் 124-லும் அதே கே301. பெரியவரின் 110-இல் அதன் தம்பி, 8 ஹெச்.பி. கே181. தீப்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி மூன்றுக்கும் 0.020 அங்குலம். காற்றுக் குளிர்ச்சிக்கான தகர உறைக்குள் எலி கூடு கட்டுவதும் மூன்றுக்கும் பொது. பழைய வண்டி வாங்கினால் ஸ்டார்ட் செய்து பார்ப்பதற்கு முன்பே அந்த உறையைக் கழற்றிக் கூட்டையும் காய்ந்த புல்லையும் வழித்துப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் என்ஜின் சூடேறிச் செத்துப்போகும். இந்த என்ஜின்களில் ஆயில் பம்ப் கிடையாது, உள்ளே ஆயிலை வாரி இறைத்துத்தான் எல்லாம் நனைகிறது. ஆயில் மட்டம் குறைவாக வைத்துக்கொண்டு சரிவில் ஏற்றாதீர்கள்.

ஆக, என்ஜினை வைத்து எதையும் தேர்வு செய்ய முடியாது. வித்தியாசம் எல்லாம் என்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில்தான்.

ஜான் டீரை முதலில் முடித்துவிடுகிறேன். 110 வந்தது 1963-இல், விஸ்கான்சினில் ஹோரிகான் தொழிற்சாலையிலிருந்து. ஓட்டுவதற்கு மூன்றிலும் சுகமானது இதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடுவில் விரிந்து சுருங்கும் ஒரு புல்லி இருக்கிறது. கைப்பிடியைத் தள்ளினால் ஓட்டத்திலேயே வேகம் கூடும், குறையும். புல் அடர்ந்த இடத்தில் மெதுவாக, வெறும் இடத்தில் வேகமாக என்று கிளட்ச் மிதிக்காமலே போகலாம். ஆனால் அந்த அமைப்பு முழுக்கத் தாங்கிகளும் புஷ்களும். ஒன்று தேய்ந்தால் பெல்ட் கோணலாக ஓடும், கோணலாக ஓடினால் இன்னொன்று தேயும். பெரியவர் வருடா வருடம் கிரீஸ் வைத்து ஒழுங்காகப் பார்த்துக்கொண்டதால் எனக்கு ஒரு தொந்தரவும் வரவில்லை. விலைதான் இடிக்கும். பச்சை பெயிண்ட்டுக்கென்று ஒரு தனி விலை உண்டு. 1967 வரை வந்த வட்ட மட்கார்டு 110 என்றால் அதற்கும் மேலே. விற்கும்போது அந்தக் காசு திரும்பி வரும், பாகங்களும் பல இன்னும் டீலரிடமே கிடைக்கும். சேர்த்து வைப்பவருக்கு நல்லது. சேற்றில் இறக்கப்போகிறவருக்கு மனசு வராது.

கப் கேடட் வேறு ஜாதி. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960 கடைசியில் கென்டக்கியின் லூயிவில் நகரில் இதைச் செய்யத் தொடங்கியது. அவர்களின் சின்ன விவசாய டிராக்டரான ஃபார்மால் கப்பின் பெயரைத்தான் இதற்கும் வைத்தார்கள். முதல் மாடலில் என்ஜினிலிருந்து ஒரு பெல்ட் இருந்தது. 1963-இல் 70, 100 மாடல்கள் வந்தபோது அதை எடுத்துவிட்டு, பெரிய டிராக்டர் மாதிரியே கிளட்ச் தட்டு, நீள ஷாஃப்ட் (சுழலும் இரும்புத் தண்டு), கியர் பெட்டி என்று நேராகக் கோர்த்துவிட்டார்கள். நழுவுவதற்கு இடமே இல்லை. அமெரிக்காவில் தோட்ட டிராக்டரில் எடை இழுக்கும் போட்டிகள் நடக்கும். அங்கே போய்ப் பார்த்தால் எங்கு திரும்பினாலும் மஞ்சளும் வெள்ளையும்தான், காரணம் இந்த ஷாஃப்ட். பத்து அங்குலக் கலப்பையைப் போட்டுக் களிமண்ணில் இறக்கினால் கப் கேடட் முனகும், நிற்காது. என் வண்டி அதே மண்ணில் ஈரம் கொஞ்சம் கூடினாலே பெல்ட் வாசனை காட்டும்.

அப்புறம் ஏன் நான் சிவப்பு வாங்கினேன்? நண்பரின் 124-க்கு கிளட்ச் மாற்றியதுதான் காரணம்.

அதில் வண்டியைச் செய்தவர்கள் மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. ஐம்பது வருடத் தேய்மானம், அதற்கு நடுவில் யாரோ ஒருவர் ஷாஃப்ட்டுக்குச் சரியான இரும்புப் பின் கிடைக்காமல் ஆணியை வெட்டிச் சொருகியிருக்கிறார். கிளட்ச் தட்டு என்ஜினுக்குப் பின்னால், ஷாஃப்ட்டின் முன் முனையில் இருக்கிறது. அதை வெளியே எடுக்க ஒன்று என்ஜினை இறக்க வேண்டும், இல்லையென்றால் பின்பாகத்தைக் கழற்றிப் பின்னால் இழுக்க வேண்டும். நாங்கள் என்ஜினை இறக்கினோம். முன் கிரில், பானெட், பெட்ரோல் குழாய், வயர்கள், கீழே நான்கு போல்ட். இருவரும் தூக்கி மேசையில் வைத்தோம், அன்றைக்கே என் முதுகு பேசியது. அதற்குப் பிறகு ஷாஃப்ட்டின் பின் முனையைக் கோர்க்கும் அந்த இரும்புப் பின். பஞ்ச் வைத்துத் தட்டினோம், எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தோம், மறுநாளும் தட்டினோம். கடைசியில் துளை போட்டுத்தான் எடுத்தோம். எடுத்துப் பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தது. ஷாஃப்ட்டும் புதிதாக வேண்டும், அதைக் கோர்க்கும் கப்ளிங்கும் வேண்டும். ஸ்பிரிங்கை வைஸில் அழுத்தித் தட்டுகளைக் கோர்க்க ஒரு மதியம். எல்லாம் சேர்ந்து இரண்டு வார இறுதிகளும், பாகங்கள் வருவதற்காக நடுவில் பத்து நாளும். சரியாகச் செய்துவிட்டால் அடுத்த இருபது வருடத்துக்கு அதைத் தொட வேண்டாம் என்கிறார்கள். நம்புகிறேன்.

ஊரில் அப்பாவின் மாஸி ஃபெர்குசனுக்குக் கிளட்ச் பிளேட் மாற்றுவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டி, வண்டியை நடுவில் இரண்டாகப் பிரித்துப் போட்டிருப்பார் மெக்கானிக். கூட இரண்டு பையன்கள், ஒரு பானை மோர். இங்கே எனக்கு மரமும் இல்லை, பையன்களும் இல்லை. ஒரு கார் நிறுத்தும் ஷெட்டில் பாதி இடம், அதுவும் வீட்டுக்காரம்மாவின் அனுமதியோடு.

இப்போது வீல் ஹார்ஸ். இந்தியானாவின் சவுத் பெண்டில், ஸ்டுட்பேக்கர் கார்களும் ஆலிவர் கலப்பைகளும் செய்த அதே ஊரில், 1946-இல் எல்மர் பாண்ட் என்பவர் வீட்டுக் கார் ஷெட்டில் தொடங்கியது. வண்டியில் பல குதிரைகள் பூட்டும்போது சக்கரத்தை ஒட்டி நிற்கும் குதிரைக்குத்தான் வீல் ஹார்ஸ் என்று பெயர். பாரம் அதன் தோளில்தான் அதிகம் விழும். 1974-இல் ஜீப் செய்துகொண்டிருந்த அமெரிக்கன் மோட்டார்ஸ் கைக்குப் போனது, அதாவது என் டிராக்டர் பிறந்தபோது அதற்கு ஜீப் அண்ணன். 1986-இல் டோரோ என்ற புல்வெட்டிக் கம்பெனி வாங்கியது. கியர் பெட்டியையும் அச்சையும் ஒரே வார்ப்புக்குள் வைத்து அவர்களே செய்தார்கள், யூனி-டிரைவ் என்று பெயர். என்னுடையதை எட்டு வேகம் என்பார்கள்: முன்னால் ஆறு, பின்னால் இரண்டு. தாழ்ந்த முதல் கியரில் போட்டால் பக்கத்தில் நடந்து வருபவர் நம்மைத் தாண்டிப் போய்விடுவார்.

இதில் என்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு பெல்ட் பக்கவாட்டில் பின்னால் போகிறது. கிளட்ச் மிதித்தால் பெல்ட்டை இறுக்கும் ஐட்லர் புல்லி விலகிக்கொள்ளும். கிளட்ச் என்பது அவ்வளவுதான். தட்டு இல்லை, பேரிங் அடுக்கு இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஜனவரி, மாலை ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. வாசல் பாதையில் பாதிப் பனியைத் தள்ளி முடித்தபோது படாரென்று ஒரு சத்தம், பெடல் தொளதொளவென்றானது. பெல்ட் அறுந்துவிட்டது. நியூட்ரலில் போட்டு ஷெட்டுக்குள் தள்ளினேன். பக்கத்து மூடியைக் கழற்றினேன், ஐட்லரை விலக்கினேன், பழைய துண்டை உருவிப் போட்டுவிட்டு ஆணியில் தொங்கிய புது பெல்ட்டை இரண்டு புல்லியிலும் ஏற்றினேன். இரண்டு ஸ்பேனர், ஒரு டார்ச், விறைத்த விரல்கள், அரை மணி நேரம். பெல்ட்டுக்கு நான் கொடுத்தது முப்பது டாலருக்குள். மீதிப் பனியையும் தள்ளிவிட்டு உள்ளே போனபோது ரசம் சூடாகவே இருந்தது.

எனக்குத் தீர்மானமானது இந்த அரை மணிதான். பழைய வண்டி என்றால் ஏதாவது ஒன்று போய்க்கொண்டேதான் இருக்கும். போகும்போது மலிவான பாகம் முதலில் போகட்டும், அதுவும் கைக்கு எட்டுகிற இடத்தில் போகட்டும். பெல்ட் நழுவுவது குறை என்கிறார்கள் கப் கேடட் ஆட்கள். மரவேரில் கலப்பை மாட்டினால் என் பெல்ட் நழுவி என் கியரைக் காப்பாற்றுகிறது என்பேன் நான். அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

சிவப்பிலும் சிக்கல் இருக்கிறது. பின் சக்கரம் மாட்டும் ஹப்புகள் அச்சின் மேல் ஒரு சின்ன இரும்புக் கீயும் செட் ஸ்க்ரூவுமாக உட்காருகின்றன. பல வருடம் கழற்றாமல் விட்டால் துரு பிடித்து ஒரே இரும்பாகிவிடும். ஆயில் சீல் ஒழுகுகிறது, ஹப்பைக் கழற்று என்றால் அங்கே போச்சு ஒரு வாரம். எனக்கு ஒரு பக்கம் பத்து நிமிடத்தில் வந்தது. மறுபக்கம் எண்ணெய், புல்லர், சூடு, மறுபடி எண்ணெய் என்று நான்கு நாள். கோபத்தில் கடப்பாரை போட்டு நெம்பினால் வார்ப்பு விரிசல் விடும், அங்கே பொறுமைதான் கருவி.

இன்னொன்று நானே வரவழைத்துக்கொண்டது. கியர் குச்சியின் அடியில் ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்திருந்ததைப் பார்த்தும் அப்புறம் மாற்றலாம் என்று ஒரு இலையுதிர்காலம் முழுக்க வண்டியை வெளியே நிறுத்தினேன். மழைத் தண்ணீர் குச்சி வழியே கியர் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. வடிகால் திருகைத் திறந்தபோது வந்தது பால் விட்ட காபி. மூன்று முறை டீசல் விட்டுக் கழுவி 90 கியர் ஆயில் ஊற்றினேன். நல்லவேளை, உறையும் குளிர் வரும் முன் பார்த்தேன். அந்த ரப்பர் உறையின் விலை ஒரு மதியச் சாப்பாட்டுக்கும் குறைவு.

ஹைட்ரோ மாடல்களைப் பற்றிக் கேட்காதீர்கள். கியரே இல்லாமல் ஒரு கைப்பிடியில் முன்னும் பின்னும் போகும். பனி தள்ள அதைவிட வசதி இல்லை. ஓட்டியதோடு சரி, ஒன்றையும் பிரித்ததில்லை. பெயிண்ட் விஷயத்திலும் நான் பேசத் தகுதியில்லாதவன். என் பானெட்டில் வெயிலில் வெளுத்த பழைய சிவப்பே இருக்கிறது, அதன் மேல் மெழுகு மட்டும்.

நண்பரிடம் கடைசியில் இப்படித்தான் சொன்னேன். வருடத்தில் பாதி நாள் உழப்போகிறாய், என்ஜின் தூக்க ஒரு கிரேன் வைத்திருக்கிறாய் என்றால் கப் கேடட் எடு, என் பேச்சைக் கேட்காதே. இல்லையென்றால் வீல் ஹார்ஸ் பார். பார்க்கப் போகும்போது ஒரு பழைய துணி கொண்டுபோ. விற்பவர் என்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டத்தான் அவசரப்படுவார். நீ முதலில் கியர் பெட்டியின் ஆயில் குச்சியை உருவித் துணியில் துடைத்துப் பார், காபி நிறமாக இருந்தால் விலையில் நூறு டாலர் குறைத்துக் கேள்.

போன சனிக்கிழமை துணியோடு போயிருக்கிறார். ஆயில் சுத்தமாக இருந்ததாம். எலிக் கூடு மட்டும் இரண்டு.