வாய்மொழித் தேர்வா, படப் புதிரா?

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு ஐ.க்யூ. பார்க்கச் சொன்னால், எந்தத் தேர்வை வைத்து என்று முதலில் கேளுங்கள்.

மாலின் என்பவரின் தேர்வு, அமெரிக்க உளவியலாளர் வெக்ஸ்லர் 1949இல் வெளியிட்ட குழந்தைகள் தேர்வின் இந்திய வடிவம். ஒரு பகுதி, கட்டை அடுக்குவது போலக் கையால் செய்து காட்டும் செய்கைத் தேர்வு. மற்றது முழுக்க வாயால் பதில் சொல்வது. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. பள்ளியில் தமிழ். தேர்வு வைப்பவர் எந்த மொழியில் கேட்கிறார்? தெரியாத அறை, புது முகம், சில பகுதிகளில் ஸ்டாப்வாட்ச் வேறு. பதில் தெரிந்தும் வாய் திறக்காத பிள்ளைக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

ரேவன் தேர்வு (1938) வேறு ரகம். கோலத்தில் விடுபட்ட துண்டு எது என்று விரலால் காட்டினால் போதும். சிறுவர்களுக்கான வண்ணப் பதிப்பில் 36 படங்கள். 2007இல் மிஷேல் டாசன் (அவரும் ஆட்டிசம் உள்ளவர்) குழுவினரின் கனடா ஆய்வில், ஆட்டிசக் குழந்தைகள் வெக்ஸ்லர் தேர்வைவிட ரேவனில் சராசரியாக 30 சதமானப் புள்ளிகள் (நூறு பேரில் எத்தனை பேரை முந்துகிறார் என்ற கணக்கு) மேலே இருந்தார்கள்.

அதனால் ரேவனே போதும் என்றும் சொல்ல மாட்டேன். அது தருவது ஒற்றை எண். கட்டை அடுக்குவதில் கெட்டி, 'இப்படி நடந்தால் என்ன செய்வாய்' என்றால் திணறல் என்ற விவரமெல்லாம் மாலின் போன்ற தேர்வில்தான் தெரியும். சிறப்பாசிரியருக்கு வேண்டியது அதுதான். பேச்சு வராத பிள்ளைக்கு ரேவன், பேசும் பிள்ளைக்கு இரண்டும். இது என் கருத்து.

ஆட்டிசத்துக்கான மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு 'ஈசா' (ISAA, ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல்) என்ற தனி அளவுகோல் உண்டு, ஐ.க்யூ. எண்ணோடு அதைக் குழப்ப வேண்டாம். அறிக்கையில் தேர்வின் பெயர், கேட்ட மொழி, பகுதிவாரி மதிப்பெண் மூன்றையும் எழுதி வாங்குங்கள்.