சேலத்து வீட்டுக் கணினியும் பாதியில் நிற்கும் அப்டேட்டும்

டொரண்டோவிலிருந்து ஊருக்கு வரும்போது வீட்டில் எனக்கென்று சில வேலைகள் காத்திருக்கும். இந்த மார்கழியில் முதல் வேலை அப்பாவின் கணினி. விண்டோஸ் அப்டேட் இறங்குகிறது, ஆனால் ஏற மாட்டேன் என்கிறது. சேலத்தில் இதைச் சரிசெய்ய யார் யாரைப் பார்த்தேன், கடைசியில் கோளாறு எங்கே இருந்தது என்பதை எழுதுகிறேன். வீட்டில் வயதானவர்கள் கணினி வைத்திருந்தால் உங்களுக்கும் உதவும்.

அப்பா ஓய்வு பெற்ற ஆசிரியர். கோயில் கமிட்டிக் கணக்கு, ஓய்வூதியக் கடிதங்கள், ஸ்கேன் செய்த பட்டா, பத்திரம் எல்லாம் அழகாபுரம் வீட்டில் இருக்கும் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. பழைய கடிதங்களில் பாதிக்கு மேல் வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாறச் சொல்லித் தமிழ்நாடு அரசு 2010-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் அதற்கு முன் அடித்த கோப்புகள் அப்படியேதான் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும், ஒரு வரி படிக்க முடியாது.

அப்டேட் இறங்கியதும் கணினி மறுபடி தொடங்கும். முப்பது, நாற்பது சதவீதம் வரை போகும். அப்புறம், செய்த மாற்றங்களைத் திரும்பப் பெறுகிறோம், அணைக்க வேண்டாம் என்று ஓர் அறிவிப்பு வரும். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் பழைய நிலையிலேயே நிற்கும். மாதக்கணக்கில் இப்படித்தான்.

இதை இப்படியே விட முடியாது. அப்பாவின் கணினியில் இருப்பது விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு ஒரு வருட நீட்டிப்பு உண்டு, 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டாம். இல்லையென்றால் 30 டாலருக்கு ஈடான தொகை. ஆனால் கணினியில் விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வும் அதற்கு வந்த அப்டேட்டுகளும் ஏறியிருந்தால்தான் பதிவு செய்வதற்கான இணைப்பே கண்ணில் படும். அப்பாவின் கணினியில் அது தெரியவில்லை.

முதலில் ஐந்து ரோடு பக்கம் ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனேன். கவுன்ட்டரில் இருந்தவர் கணினியை ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை.

"பார்மட் பண்ணி லெவன் போட்டுத் தந்துடறோம் சார். அப்டேட்டை ஆஃப் பண்ணி வெச்சிடுவோம், அப்புறம் தொந்தரவே இருக்காது."

லைசென்ஸ் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் ஆக்டிவேட் பண்ணிடுவோம் சார்" என்றார்.

எனக்கு இதில் உண்மையாகவே கோபம். பேங்க் கணக்கும் ஓய்வூதியமும் பார்க்கிற ஒரு பெரியவரின் கணினியில் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவைப்பதை ஒரு சேவையாகச் சொல்லி விற்கிறார்கள். லைசென்ஸ் வாங்காமலே விண்டோஸை இயங்கவைக்கும், எங்கிருந்தோ எடுத்த ஆக்டிவேட்டரை அதே கணினியில் ஓட்டவும் தயங்குவதில்லை. அந்தக் கணினியில் இருப்பது ஆறாம் தலைமுறை இன்டெல் பிராசஸர். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், கணினி தொடங்கும்போது போலி மென்பொருள் நுழையாமல் தடுக்கும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். இந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டி ஏற்றிவிட வழிகள் உண்டுதான். ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. பார்மட் போட்டு டிஸ்கை அழித்தால் வானவில்லும் போய்விடும். அதை நிறுவிய சிடி எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கணினியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அரிசிபாளையத்தில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியைப் பற்றிப் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வியே, "அண்ணா, அப்டேட் ஹிஸ்டரியில என்ன நம்பர் காட்டுதுங்க?" இவர்தான் சரியான ஆள் என்று அப்போதே தோன்றியது. வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், சாயங்காலம் பைக்கில் வந்துவிட்டார்.

ஹிஸ்டரியில் இருந்த பிழை எண்களில் ஒன்று 80070070-இல் முடிந்தது. சி டிரைவில் இடம் இல்லை என்று பொருள். 120 ஜிபி எஸ்எஸ்டியில் பாதியைச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண வீடியோ அடைத்துக்கொண்டிருந்தது. அதை டி டிரைவுக்கு மாற்றினார். டிஸ்க் கிளீனப்பில் சிஸ்டம் கோப்புகளையும் தேர்ந்தெடுத்துப் பழைய அப்டேட் மிச்சங்களை நீக்கினார். 80070643 என்று இன்னொரு எண்ணும் இருந்தது. 2024 ஜனவரியில் வந்த கேபி 5034441 அப்டேட் பலருக்கும் காட்டிய எண் அது. கணினி பழுதானால் மீட்பதற்கென்று டிஸ்கில் ஒதுக்கியிருக்கும் ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி இடம் காலியாக இல்லாவிட்டால் அது ஏறாது. எங்கள் கணினியில் அந்த வரி பழையது, இப்போதைய கோளாறு அதில் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்.

அப்புறம் அப்பாவைப் பார்த்து, "ஐயா, காலையில ஆன் பண்ணும்போது தேதி சரியா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"தினமும் நான்தான் மாத்துவேன் தம்பி. இல்லேன்னா பேங்க் பக்கம் திறக்கறதில்ல" என்றார் அப்பா.

இதை என்னிடம் அவர் சொன்னதே இல்லை. அதையும் அன்றாட வேலையாக எடுத்துக்கொண்டிருக்கிறார். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 செல் தீர்ந்துவிட்டால் கணினி தேதியை மறந்துவிடும். தேதி சில வருடம் பின்னால் இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாது என்று கணினி நினைத்துக்கொள்ளும், அப்டேட் சர்வரோடு பேசாது. அப்பா ராத்திரி தவறாமல் சுவரில் இருக்கும் ஸ்விட்சையும் அணைத்துவிடுவார். அப்படி அணைத்தால் அந்தச் செல் ஒன்றுதான் கடிகாரத்தை ஓட்டியாக வேண்டும், அதனால் இன்னும் சீக்கிரம் தீரும். தம்பி பக்கத்துத் தகட்டைக் கழற்றி, தூசியை பிரஷ்ஷால் தட்டி, புதுச் செல்லைப் போட்டார்.

அதற்கும் மேலே ஒன்று இருந்தது. தூரத்திலிருந்து திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என் கண்ணுக்கு அது தெரிந்திருக்கவே முடியாது.

"கரண்ட் போனா சிஸ்டம் ஆஃப் ஆகுதுங்களா?"

"ஒரு தடவை அணைஞ்சு வரும், அவ்வளவுதான்."

தம்பி எழுந்துபோய் இன்வெர்ட்டருக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார். அங்கே ஒரு சின்ன ஸ்விட்ச், அது ஈகோ பக்கம் இருந்தது. இந்த நிலையில் மின்சாரம் போய் பேட்டரிக்கு மாற ஒரு கணம் எடுக்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் அது தெரியாது, கணினி அணைந்துவிடும். நேரில் காட்டுகிறேன் என்று கணினி ஓடும்போதே மெயின் ஸ்விட்சை இறக்கினார். மானிட்டர் கறுத்து, கணினி மறுபடி தொடங்கியது. ஸ்விட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளிவிட்டு இன்னொரு தடவை இறக்கினார். ஃபேன் லேசாகத் தயங்கிச் சுற்றியது, கணினி அசையவில்லை. அப்டேட் பாதியில் இருக்கும்போது மின்சாரம் ஒரு நொடி வெட்டினாலும் முழுதும் பின்வாங்கிவிடலாம். இடம் இல்லாததும் தேதிக் கோளாறும் போக, இத்தனை மாதமும் நடந்தது அதுவும்தான்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. முதலில் அப்பாவின் கோப்புகளை, வானவில் எழுத்துருவையும் சேர்த்து, வெளி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்தோம். விண்டோஸ் அப்டேட், பின்னணியில் கோப்புகளை இறக்கும் பிட்ஸ் என்ற இரண்டு சேவைகளையும் நிறுத்தி, இறங்கிய அப்டேட்டுகள் சேரும் சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன் ஃபோல்டரின் பெயரை மாற்றினார். அடுத்த முறை புதிய ஃபோல்டர் தானாக உருவாகி, எல்லாம் முதலிலிருந்து இறங்கும். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிசெய்யும் இரண்டு கட்டளைகளை ஓட்டினார்: முதலில் டிஸ்ம் ரீஸ்டோர்ஹெல்த், அது முடிந்தபின் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். இந்த வரிசை முக்கியம். எஸ்எஃப்சி பழுதான கோப்புக்கு மாற்று எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வதே டிஸ்மின் வேலை. அப்டேட்டை ஓடவிட்டு அம்மா போட்ட காபியைக் குடித்தோம். நூறு சதவீதம் வந்தது. நீட்டிப்புக்கான இணைப்பும் தெரிந்தது, அங்கேயே பதிவு செய்தோம். வீட்டுக்கு வந்து பார்த்ததற்கு 400 ரூபாயும் செல்லுக்கு 40 ரூபாயும் வாங்கிக்கொண்டார். கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார்.

இணையம் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் ஃபைபர் இணைப்பு நன்றாகவே ஓடுகிறது, வேகத்தில் குறை இல்லை. ஆனால் மின் வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் இல்லை. தெருமுனையில் இருக்கும் இணைப்புப் பெட்டிக்கு பேட்டரி கிடையாது. எந்தப் பகுதியில் என்றைக்கு மின் நிறுத்தம் என்று முந்தின நாளே பேப்பரில் வந்துவிடும். அந்த நாளில் அப்டேட்டைத் தொடாமல் இருக்க அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

ஏற்காட்டில் சித்தி வீட்டில் கதை வேறு. அவர் லேப்டாப்பில் விண்டோஸ் 11. நெட்டுக்கு போன் ஹாட்ஸ்பாட்தான், அதுவும் ஜன்னல் ஓரத்தில் வைத்தால்தான் சிக்னல். விண்டோஸில் அந்த இணைப்பு டேட்டா அளவுக்கட்டுப்பாடு உள்ளதாகக் குறிக்கப்பட்டிருந்ததால் அப்டேட் தானாக இறங்கவில்லை. குறியை எடுத்துவிட்டாலும் பயனில்லை, இப்போது வரும் மாத அப்டேட் ஒரு ஜிபியைத் தாண்டுவது உண்டு, சித்தியின் ஒரு நாள் டேட்டா அதிலேயே போய்விடும். சித்தியிடம் போனில் பதிப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, அப்டேட்டுகளைத் தனிக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளும் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் அதற்குரிய கோப்பை அழகாபுரத்திலேயே இறக்கிக்கொண்டேன். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு ஒரே இணைப்பில் இரண்டு கோப்புகள் தெரியும். இரண்டையும் எடுக்க வேண்டும். பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், அதிலிருந்தே நிறுவினேன். "இதுக்கா கண்ணு இவ்வளவு தூரம் வந்த?" என்று கேட்டுவிட்டு, சித்தி மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்.

நீட்டிப்பு முடியும் 2026 அக்டோபருக்குள் அப்பாவுக்கு வேறு கணினி வாங்கியாக வேண்டும். சேலத்தில் அலுவலகங்களிலிருந்து வந்த பழைய கணினிகளை விற்கும் கடைகள் சிலவற்றைப் பார்த்துவைத்திருக்கிறேன். விலை நியாயமாக இருக்கிறது, ஆனால் பிராசஸர் என்ன என்று கேட்டால் "ஐ5 சார்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஐ5-க்குப் பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அது 6-இலோ 7-இலோ தொடங்கினால் வாங்க வேண்டாம். 8500 போல 8-இல் தொடங்கினால், கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் டிபிஎம் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து காட்டச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.